முப்பது வருஷம் தாங்குற டேட்டாபேஸ் எப்படி கட்டறது

பினாங்கு வீட்டு போன் நம்பர் எல்லாம் 04ல தான் ஆரம்பிக்கும், அதை டேட்டாபேஸ்ல, அதாவது கம்ப்யூட்டர்ல தகவல் சேத்து வைக்கிற இடத்துல, 'நம்பர்' வகையில ஒரு காலம் (column, நெடுவரிசை) போட்டு சேவ் பண்ணா முன்னாடி இருக்குற சைபர் காணாம போயிடும், ஏன்னா கம்ப்யூட்டருக்கு 04ம் 4ம் ஒண்ணு தான். ஐசிக்கும் (மலேசிய அடையாள அட்டை நம்பர்) இதே கதி. 2005ல பொறந்த பிள்ளையோட ஐசி 05ன்னு ஆரம்பிக்கும், சைபர் போச்சுன்னா 12 இலக்கம் 11 ஆயிடும். இந்த நம்பரை வச்சு யாரும் கூட்டிக் கழிக்கப் போறதில்ல, அப்படின்னா அது எண்ணே இல்ல, எழுத்து. டெக்ஸ்ட்டா வைங்க.

சின்ன விஷயம் தான். ஆனா பினாங்கு லெபோ பாசார் தெரு பக்கம் கடை வச்சிருக்கவங்க, கோயில் உறுப்பினர் லிஸ்ட் பாத்துக்கிறவங்க, கிளினிக் நடத்துறவங்க எல்லாருக்கும் நான் சொல்ல வர்றது இதுலயே இருக்கு: ஸ்கிரீன்ல தெரியுற புரோகிராம் கொஞ்ச வருஷத்துல மாறிடும், உள்ள இருக்குற டேட்டா அடுத்த புரோகிராமுக்கும் அதுக்கு அடுத்ததுக்கும் போயாகணும். 1970ல ஐபிஎம்ல வேலை பாத்த எட்கர் காட் இதைத்தான் பிடிச்சாரு. டேட்டாவ வெறும் டேபிள்களா (வரிசையும் காலமும் உள்ள பட்டியல்களா) வைங்க, டிஸ்க்ல அது எந்த மூலையில எப்படி கிடக்குதுன்னு புரோகிராமுக்கு தெரியவே வேண்டாம்னாரு. இன்னிக்கும் நம்ம கடை பில்லிங் சிஸ்டம் பெரும்பாலும் அந்த யோசனை மேல தான் ஓடுது.

ஐசியையே ப்ரைமரி கீயா (ஒவ்வொரு ஆளோட பதிவையும் தனியா அடையாளம் காட்டுற எண்ணா) வைக்கிற பழக்கம் இங்க நிறைய, எனக்கு அது சுத்தமா பிடிக்காது. 1990க்கு முன்னாடி ஐசி நம்பர் வேற மாதிரி இருந்துச்சு, வெளிநாட்டு தொழிலாளிக்கு ஐசியே கிடையாது, பாஸ்போர்ட் புதுப்பிச்சா அந்த நம்பரும் மாறும். அர்த்தமே இல்லாத ஒரு வரிசை எண்ண கீயா வச்சுட்டு, ஐசிய தனி காலம்ல போட்டு 'ரெண்டு பேருக்கு ஒரே ஐசி வரக்கூடாது'ன்னு டேட்டாபேஸ்லயே ரூல் போடுங்க. ரூல் புரோகிராம்ல மட்டும் இருந்தா, நாளைக்கு வேற ஒருத்தர் வேற வழியா டேட்டா ஏத்தும்போது அதைத் தடுக்க ஆளே இருக்காது. பேருக்கும் முதல் பேர், குடும்பப் பேர்னு ரெண்டு கட்டம் வேண்டாம், ஏ/எல் (இன்னாரோட மகன்), ஏ/பி (இன்னாரோட மகள்) போடுற நமக்கு அது எப்பவும் ஒட்டாது, முழுப்பேருக்கு ஒரே காலம் போதும்.

காசு விஷயத்துல இன்னும் கவனம் வேணும். கம்ப்யூட்டரோட தசம எண் பைனரில (0, 1 மட்டும் வச்சு எழுதுற முறை) நிக்குது, அதுல 0.1ஐ சரியா எழுதவே முடியாது, அதனால 0.1 கூட்டல் 0.2க்கு 0.30000000000000004னு பதில் வரும். வெள்ளிய (ரிங்கிட்ட) சென்னா மாத்தி முழு எண்ணா வைங்க, இல்ல தசமத்த அப்படியே சரியா வச்சுக்கிற டெசிமல் டைப்ல வைங்க. ஏப்ரல் 2008லருந்து ரொக்கத்துக்கு மட்டும் பில்ல 5 சென்னுக்கு ரவுண்ட் பண்றோம், கார்டுக்கு கிடையாது, அப்போ பில் தொகை ஒரு காலம், ரவுண்டிங் வித்தியாசம் இன்னொரு காலம். வரியும் அப்படித்தான். 2015 ஏப்ரல்ல ஜிஎஸ்டி (பொருள் சேவை வரி) 6 சதவீதம், 2018 ஜூன்ல சைபர், செப்டம்பர்ல அதுக்கு பதிலா எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி). வரிய ஒரே ஒரு செட்டிங்ல வச்சிருந்தா 2016 பில்ல இன்னிக்கு திரும்ப பிரிண்ட் பண்ணும்போது தப்பான தொகை வரும். அன்னிக்கு என்ன சதவீதம் போட்டமோ அது அந்த பில்லோடயே நிக்கணும்.

நேரம் கூட மாறியிருக்கு தெரியுமா, 1982 ஜனவரி 1 அன்னிக்கு தீபகற்ப மலேசியாவுல கடிகாரத்த அரை மணி நேரம் முன்னாடி தள்ளுனாங்க, அதுவரைக்கும் கிரீன்விச்லருந்து ஏழரை மணி, அப்புறம் எட்டு. 1975ல பினாங்குல பொறந்தவருக்கு ஜாதகம் போடுற சாப்ட்வேர் எட்டு மணின்னு எடுத்துக்கிட்டா லக்னமே மாற வாய்ப்பிருக்கு.

இப்போ கரண்ட் போற விஷயம். ஒரு கடன் பில் போட்டா மூணு இடத்துல எழுதணும்: பில் டேபிள், ஸ்டாக் குறையணும், கஸ்டமர் பாக்கி ஏறணும். ரெண்டு எழுதி மூணாவதுக்கு முன்னாடி கரண்ட் போச்சுன்னா? நல்ல டேட்டாபேஸ் இந்த மூணையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனா கட்டிடும், எல்லாம் நடக்கும் இல்ல எதுவுமே நடக்காது. பழைய செட்டியார் கணக்குல முதல்ல குறிப்புல எழுதிட்டு அப்புறம் பேரேட்டுல ஏத்துன மாதிரி, என்ன மாத்தப் போறோம்ங்கறத முதல்ல ஒரு லாக் பைல்ல எழுதி, அது டிஸ்க்ல நிஜமாவே போய் சேர்ந்துச்சுன்னு உறுதி வாங்கிட்டு தான் 'சேவ் ஆச்சு'ன்னு சொல்லும், டேபிள் பக்கங்கள ஆற அமர அப்புறம் எழுதிக்கும். திரும்ப ஆன் பண்ணதும் லாக்கப் படிக்கும், அதுல இருக்குறத வரிசையா திரும்ப செஞ்சு பாக்கும், கடைசில முடியாம நின்னத மட்டும் பின்னாடி எடுத்துடும். இந்த முறைய ஏரீஸ்ங்கற பேர்ல 1992ல விளக்கமா எழுதினவங்கள்ல முதல் ஆள் சென்னை ஐஐடில படிச்ச சி. மோகன், நம்ம பிள்ளைங்களுக்கு இந்தப் பேர் தெரியணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

பேக்கப்புக்கு வர்றேன். 2017 ஜனவரி 31 அன்னிக்கு புரோகிராம் கோட் சேத்து வைக்கிற சேவை நடத்துற கிட்லேப் கம்பெனில ஒரு இன்ஜினியர் தப்பான சர்வர்ல டேட்டாவ அழிச்சுட்டாரு. பேக்கப் எடுக்குற டூலோட வெர்ஷனும் டேட்டாபேஸ் வெர்ஷனும் ஒத்துப் போகாததால தினமும் எடுக்க வேண்டிய பேக்கப் எடுபடவே இல்ல, பெயில் ஆச்சுன்னு போன மெயிலும் யாருக்கும் போய் சேரல. ஆறு மணி நேரத்துக்கு முன்னாடி வேற வேலைக்காக ஒருத்தர் கையால எடுத்து வச்ச காப்பி தான் காப்பாத்துச்சு. அதனால மாசம் ஒரு தடவையாச்சும் பேக்கப்ப வேற கம்ப்யூட்டர்ல போட்டு திறந்து, கடைசி பில் நம்பரும் மொத்த பாக்கியும் கடைல இருக்குறதோட ஒத்துப் போகுதான்னு பாருங்க. ஒரு காப்பி கடைக்கு வெளிய இருக்கட்டும்.

பத்து வருஷம் கழிச்சு திறக்குறவங்களுக்கு இன்னொண்ணும் வேணும். ஸ்டேட்டஸ் காலம்ல 3ன்னு இருக்கும், அது கேன்சலா டெலிவரியான்னு எழுதுனவருக்கு மட்டும் தான் தெரியும், அவரு வேலைய விட்டு சிங்கப்பூர் போயிருப்பாரு. அந்த அர்த்தத்த எல்லாம் தனி டாக்குமெண்ட்ல போடாதீங்க, டேட்டாபேஸ்க்குள்ளயே ஒரு சின்ன டேபிள் போட்டு அதுல எழுதி வைங்க, பேக்கப் எடுக்கும்போது அதுவும் கூடவே வந்துடும்.