எல்லிஸ் தீவில் யாரும் பெயரை மாற்றவில்லை

"1868இல் ஜெர்மனியிலிருந்து வந்த எங்கள் பூட்டனார் பெயரை எல்லிஸ் தீவு அதிகாரி மாற்றிவிட்டார், அதனால்தான் ஒன்றும் கிடைக்கவில்லை." அமெரிக்கக் குடும்பங்களுக்கு வம்சாவளி தேடிக் கொடுக்கும் வேலையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. இந்த வாரமும் வந்தது. இதை நம்பிக்கொண்டு தேடலையே கைவிடுகிறவர்களைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

கப்பலில் வந்து குடியேறுகிறவர்களைச் சோதித்து அனுமதித்த நியூயார்க்கின் எல்லிஸ் தீவு நிலையம் திறந்ததே 1892 ஜனவரி 1இல்தான். அதற்கு முன், 1855 முதல் 1890 வரை, நியூயார்க்கில் இறங்கியவர்களைப் பதிந்த இடம் காசில் கார்டன். பால்டிமோர், நியூ ஆர்லியன்ஸ் என்று வேறு துறைமுகங்களில் இறங்கியவர்களும் ஏராளம். சரி, 1892க்குப் பிறகு வந்தவர் என்றே வையுங்கள். அதிகாரியின் கையில் இருந்தது கப்பல் நிறுவனம் தயாரித்த பயணிகள் பட்டியல். ஹாம்பர்க்கிலோ லிவர்பூலிலோ கப்பல் ஏறும்போதே எழுதியது. அதிலுள்ள பெயரைக் கூப்பிட்டு, கேள்வி கேட்டு, சரிபார்ப்பதுதான் அவர் வேலை. புதுப் பெயர் சூட்டுவது அவர் வேலையே இல்லை. பாஷை தெரியாமல் எழுதிவிட்டார் என்பதும் எடுபடாது, மொழிபெயர்ப்பாளர்கள் அங்கேயே பணியில் இருந்தார்கள்.

பெயர்கள் மாறியது உண்மை. பெரும்பாலும் மாற்றிக்கொண்டவர்கள் அவர்களேதான், அதுவும் ஊரில் குடியேறிய பிறகு. ஷ்மிட் ஸ்மித் ஆனார், முல்லர் மில்லர் ஆனார். தேவாலயப் பதிவேட்டில் ஒரு விதம், சென்சஸ்காரர் காதில் விழுந்தபடி எழுதியது இன்னொரு விதம். எனவே எழுத்தைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். வயது, பிறந்த நாடு, தொழில், மனைவி மக்கள் பெயர், பக்கத்து வீட்டார் எல்லாம் சேர்ந்து பொருந்துகிறதா என்று பாருங்கள். பெயர் ஒத்துப்போகிறது என்பதற்காக ஒஹாயோவிலிருந்து எவரோ ஒரு ஜான் மில்லரை இழுத்துவந்து குடும்ப மரத்தில் ஒட்டாதீர்கள். இணையத்தில் பத்து மரங்களில் அவர் இருந்தாலும், பத்தும் ஒன்றைப் பார்த்து எழுதியவையாக இருக்கலாம்.

தெரிந்தவரிடமிருந்து பின்னோக்கி நடங்கள். 1900 சென்சஸ் ஒரு பொக்கிஷம்: பிறந்த மாதம், ஆண்டு, குடியேறிய ஆண்டு, மணமாகி எத்தனை வருடம், பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர் எத்தனை. மணமாகி 6 வருடம், மூத்த மகனுக்கு 11 வயது என்றிருந்தால் அந்த அம்மாள் இரண்டாம் தாரமாக இருக்கலாம். திருமணப் பதிவைப் பார்க்காமல் அவரைத் தாய் என்று எழுதவே கூடாது. 1890 சென்சஸைத் தேடி அலையாதீர்கள். 1921இல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் பெரும்பகுதி பாழாகி, மிச்சத்தையும் பின்னர் அழித்துவிட்டார்கள். அந்த இடைவெளிக்கு நகர முகவரிப் புத்தகங்களும் வரிப் பட்டியல்களும்தான் துணை. குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று முதலில் குறித்தது 1880இல். அதற்கு முந்தையவற்றில் ஒரே குடும்பப் பெயரோடு இருக்கும் பையன் தம்பி மகனாகவும் இருக்கலாம். 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே.

1906க்கு முந்தைய குடியுரிமைத் தாள்களில் சொந்த ஊரை எதிர்பார்க்காதீர்கள். அன்றைய ஜெர்மன் நாடுகளில் ஒன்றான பிரஷ்யாவின் அரசர் மீதான விசுவாசத்தைத் துறக்கிறேன் என்ற அளவோடு பெரும்பாலும் முடிந்துவிடும். ஊர்ப் பெயருக்குத் தேவாலயத் திருமணப் பதிவு, கல்லறைக் கல், ஜெர்மன் மொழிப் பத்திரிகைகளின் இரங்கல் குறிப்பு என்று போங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்தவரென்றால், விதவை ஓய்வூதியக் கோப்பை வரவழைத்துப் பாருங்கள். மணநாளும் பிள்ளைகள் பிறந்த தேதிகளும் சாட்சியோடு அதில் இருக்கும்.

அடிமைப்படுத்தப்பட்டவர்களின் வழிவந்தோருக்கு ஒரு வேண்டுகோள். 1850, 1860 சென்சஸ்களின் அடிமைப் பட்டியல்களில் உடைமையாளர் பெயரின் கீழ் பெரும்பாலும் வயதும் பாலினமும் நிறமும் மட்டுமே இருக்கும். 1870 சென்சஸில்தான் அவர்கள் பெயர் வருகிறது. அந்தக் குடும்பப் பெயர் கடைசி உடைமையாளருடையது என்று முடிவு கட்டிவிடாதீர்கள், பலர் வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். விடுதலை பெற்றவர்களுக்காக 1865 முதல் 1874 வரை இயங்கிய ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் கணக்குப் பதிவேடுகளைப் பாருங்கள். கணக்குத் தொடங்கியவரின் பெற்றோர், உடன்பிறந்தோர் பெயர்கள் பலவற்றில் உண்டு. சிலவற்றில் பழைய உடைமையாளர் பெயரும் இருக்கிறது.