அலைக்குளத்தில் இறங்கும் முன் குளோரின் அளவைக் கேளுங்கள்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக ரிசார்ட்டுக்கும் தீம் பார்க்குக்கும் கிளம்பிவிடுகிறோம். கடலைப் பார்க்கவே நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டிய ஊர்க்காரர்கள் என்பதால், அங்கே போனதும் அலைக்குளத்தைத்தான் தேடுகிறோம். நீச்சல் குளத் தண்ணீரைச் சுத்திகரிப்பது என் தொழில். அலைக்குளம் கட்ட நினைக்கும் முதலாளிகள் முதலில் கேட்பது, அலை எத்தனை அடி எழும்பும் என்றுதான். பலகையில் நின்று அலைமேல் சறுக்கும் சர்ஃபிங் வீடியோவைக் காட்டி, "இந்த மாதிரி இங்கே முடியுமா சார்?" என்பவர்களும் உண்டு.

அலையை எழுப்ப வழிகள் இருக்கின்றன. அமெரிக்காவின் அரிசோனாவில் 1969இல் திறந்த 'பிக் சர்ஃப்' குளத்தில், உயரத் தொட்டியில் ஏற்றிய தண்ணீரை ஒரேயடியாகத் திறந்துவிட்டார்கள். சர்ஃபிங் வீரர் கெல்லி ஸ்லேட்டர் 2015இல் உலகுக்குக் காட்டிய கலிபோர்னியாவின் லெமூர் குளத்தில், தண்ணீருக்குள் ஒரு பெரிய இறக்கையைத் தண்டவாளத்தையொட்டி இழுக்கிறார்கள். டெக்சாஸின் வேக்கோவில் காற்றழுத்தம். தீம் பார்க்குகளிலும் பெரும்பாலும் காற்றுதான்: சுவருக்குப் பின்னால் இருக்கும் அறைகளுக்குள் புளோயர் காற்றைச் செலுத்த, தண்ணீர் அடிவழியாக வெளியேறி அலையாகக் கிளம்புகிறது. மிச்ச வேலையைத் தரைச் சரிவு பார்த்துக்கொள்ளும். 1 மீட்டர் அலை சுமார் 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். அது பெரியவர்களுக்கு நெஞ்சளவு, சின்னப் பிள்ளைகளுக்குத் தலைக்கு மேல்.

இயந்திரத்தைப் பணம் கொடுத்தால் வாங்கிவிடலாம். தண்ணீரைத் தினமும் பார்த்தாக வேண்டும். கஷ்டம் அதில்தான்.

மே மாதம் காலை எட்டு மணிக்கு எடுத்த தண்ணீரில் குளோரினைக் காட்டும் டெஸ்ட் மாத்திரையைப் போட்டால் அடர்ந்த ரோஸ் நிறம் வரும். மதியம் அதே குளத்தில் எடுத்தால் வெளிறிப் போயிருக்கும். வெயில் குளோரினைச் சிதைக்கிறது. வியர்வையும் தலையில் வைத்த தேங்காய் எண்ணெயும் மீதியைத் தின்றுவிடுகின்றன. அலைக்குளத்தில் இன்னொரு சிக்கல்: அலை உடைய உடையத் தண்ணீரிலிருந்து கரியமில வாயு வெளியேறி பிஎச், அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் அளவு, ஏறும். அது 7.5இல் இருக்கும்போது குளோரினில் பாதி வீரியம் இருக்கும். 8ஐத் தாண்டினால் கால் பங்கு தேறாது. நம் பக்கத்து போர் தண்ணீர் கடினமானது என்பதால் பிஎச்சைக் கீழே இறக்க ஆசிட் கூடுதலாகவே தேவைப்படும். காலையில் ஒருமுறை பிளீச்சிங் பவுடர் கொட்டிவிட்டுப் போவதெல்லாம் இதற்குப் போதாது. மொத்தத் தண்ணீரும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஃபில்டர் வழியே சுற்றி வர வேண்டும்.

2018இல் அந்த வேக்கோ அலைக்குள வளாகத்துக்குப் போய் வந்த ஓர் இளைஞர், மூளையைத் தாக்கும் அமீபா தொற்றால் இறந்தார். விசாரணையில் அந்த வளாகத்து நீர்நிலை ஒன்றில் அதே அமீபா கிடைத்தது. அது வெதுவெதுப்பான நன்னீரில் வளர்வது. அந்தத் தண்ணீரைக் குடித்தால் வராது. மூக்கு வழியே ஏறினால்தான் ஆபத்து. அலைக்குளத்தில் தண்ணீர் முகத்திலேயே வந்து அறைகிறது! இந்தத் தொற்று மிக அபூர்வம், உண்மைதான். ஆனால் வந்தவர்களில் பிழைப்பவர்கள் மிகக் குறைவு. பக்கத்துக் கேரளத்திலும் அண்மை ஆண்டுகளில் உயிர்களைப் பறித்திருக்கிறது. குளோரின் சரியாக இருந்தால் இந்த அமீபா பிழைக்காது என்பதுதான் நமக்கு இருக்கும் பெரிய பலம்.

அதனால் டிக்கெட் வாங்கும் இடத்திலேயே இன்றைய குளோரின், பிஎச் ரீடிங் என்ன என்று கேளுங்கள். குளோரின் 1 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குறையக் கூடாது, பிஎச் 7.2 முதல் 7.8க்குள். மதியம் எடுத்ததா என்றும் கேளுங்கள். அப்புறம் அலை நின்றிருக்கும் நேரத்தில் ஆழமான பக்கத்தின் தரையைப் பாருங்கள். தரையிலுள்ள வடிகால் மூடி தெளிவாகத் தெரியவில்லை என்றால் பிள்ளைகளை இறக்காதீர்கள். அந்தக் கலங்கலில் மூழ்கியவரை லைஃப் கார்டாலும் பார்க்க முடியாது. குளித்து வந்த பத்துப் பன்னிரண்டு நாளுக்குள் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து இறுக்கம் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். எந்தக் குளத்தில், எந்தத் தேதியில் இறங்கினீர்கள் என்பதை டாக்டர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.