ஹேர் மாஸ்க் வாங்கும் முன் உங்கள் வீட்டு வாளியைப் பாருங்கள்

போன மாதம் சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் தன் அம்மாவோடு என் கிளினிக்குக்கு வந்திருந்தாள். உட்கார்ந்ததுமே பையைத் திறந்து, தலைமுடியில் பூசிச் சிறிது நேரம் வைத்து அலசும் ஹேர் மாஸ்க் டப்பாக்கள் நான்கை மேசையில் வரிசையாக வைத்தாள். கெரட்டின் மாஸ்க், ஆர்கன் எண்ணெய் மாஸ்க், வெங்காய மாஸ்க், பெயரே படிக்க முடியாத வெளிநாட்டு மாஸ்க் ஒன்று. எல்லாமே பாதி காலி.

"எல்லாத்தையும் போட்டுப் பார்த்துட்டாங்க டாக்டர். தலை தேங்கா நாரு மாதிரி ஆனதுதான் மிச்சம்" என்றார் அம்மா.

பின்னலை அவிழ்க்கச் சொல்லி, ஒரு கொத்து முடியை வேரிலிருந்து நுனிவரை விரல்களுக்கிடையில் உருவிப் பார்த்தேன். தோள்வரை வழுவழுவென்று வந்தது. அதற்குக் கீழே சட்டென்று சொரசொரப்பு. ஒரே முடியில் இரண்டு குணம். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். சொரசொரப்பு தொடங்கிய இடம் வேரிலிருந்து 25 செ.மீ. இருந்தது.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னால முடிக்கு என்ன பண்ணினே கண்ணு?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். "அக்கா கல்யாணத்துக்கு ஸ்ட்ரெய்ட்டனிங் பண்ணினேன் டாக்டர்."

அடுத்து அம்மாவிடம் கேட்டேன், குளியலறை வாளி எப்படி இருக்கும் என்று. "உள்ளாற வெள்ளையா கல்லாட்டம் ஒட்டிக்கிடக்குதுங்க. ஆசிட் ஊத்தித் தேய்ச்சாத்தான் போகுது."

அந்தப் பெண்ணின் முடிக்கு என்ன தேவை என்பதை இந்த இரண்டு பதில்களும் சொல்லிவிட்டன. டப்பாக்களின் மேல் எழுதியிருந்த எதுவும் சொல்லவில்லை.

வேர்க்காலை விட்டு வெளியே வந்த முடி உயிரற்ற பொருள். அதற்குச் சத்து ஊட்ட முடியாது, அது எதையும் சாப்பிடாது. முடியின் மேல் மீன் செதில்போல அடுக்கடுக்காக ஓர் உறை இருக்கிறது. டை, ஸ்ட்ரெய்ட்டனிங், சூடான அயர்ன், ஈரத் தலையில் இழுத்துச் சீவுவது, இவையெல்லாம் அந்தச் செதில்களைத் தூக்கிவிடும், உடைத்துவிடும். அப்போது முடி முரடாகும், சிக்குப் பிடிக்கும், நுனி வெடிக்கும். மாஸ்க் செய்வது அந்தச் செதில்களைப் படியவைத்து மேலே ஒரு மெல்லிய பூச்சுக் கொடுப்பது. சில மாஸ்க்குகளில் கொஞ்சம் உள்ளே இறங்கும் பொருள்களும் உண்டு. அடுத்த சில குளியல்கள்வரை அந்தப் பலன் இருக்கும். சிறிய வேலைதான், ஆனால் நல்ல வேலை. அதனால்தான் எந்த முடிக்கு எது என்று பார்த்து வாங்கச் சொல்கிறேன்.

நம் ஊரில் அதற்கு முன்னால் தண்ணீரைப் பார்க்க வேண்டும். மக்னீசியக் கனிமமான மேக்னசைட்டின் பெயரை, மேக்னசைட் ஜங்ஷன் என்று ரயில் நிலையத்துக்கே வைத்திருக்கும் ஊர் இது. பல வீடுகளில் குளிக்க வருவது போர் தண்ணீர். அதிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் வாளியில் படிவதைப் போலவே முடியிலும் படிகின்றன. அந்தப் படிவின் மேல் எவ்வளவு விலையுள்ள மாஸ்க்கைப் பூசினாலும் சுண்ணாம்புச் சுவரில் எண்ணெய் தடவிய கதைதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இ.டி.டி.ஏ. போன்ற, உப்பைப் பிடித்து இழுக்கும் பொருள் சேர்ந்த 'கிளாரிஃபையிங்' ஷாம்பு போட்டு அலசிவிட்டு, அதன் பிறகு மாஸ்க் போடுங்கள். இன்னொன்று, காசே ஆகாதது: மேட்டூர் தண்ணீர் வரும் வீடாக இருந்தால் கடைசி அலசலுக்கு மட்டும் அதில் இரண்டு சொம்பு எடுத்து வையுங்கள். முழுக் குளியலையும் போர் தண்ணீரிலேயே முடித்துக்கொள்ளலாம். இதை மட்டும் செய்துவிட்டு, மாஸ்க்கே வேண்டாம் என்று சொன்னவர்களும் என்னிடம் உண்டு.

இனி முடி வகை. மெல்லிய கோரை முடி, மறுநாளே பிசுபிசுக்கும் தலை என்றால் வெண்ணெய்போல கெட்டியான மாஸ்க்குகள் வேண்டாம். ஷியா பட்டர், தேங்காய் எண்ணெய் எல்லாம் டப்பாவின் பொருள்பட்டியலில் முதல் நான்கைந்து இடத்தில் இருந்தால் உங்கள் முடி படுத்துவிடும். பொருள்கள் அதிக அளவிலிருந்து குறைந்த அளவு என்ற வரிசையில்தான் அச்சிடப்படுகின்றன. எனவே முன்பக்கத்தில் பெரிதாக எழுதிய 'ஆர்கன்' பின்பக்கப் பட்டியலின் கடைசியில் வாசனைப் பொருளுக்கு அருகில் இருந்தால், அது பெயருக்குத்தான். இந்த முடிக்கு இலேசான மாஸ்க், ஐந்து நிமிடம், காதுக்குக் கீழே மட்டும் போதும்.

அடர்ந்த சுருட்டை முடிக்கு நேர்மாறு. தலையில் சுரக்கும் எண்ணெய் வளைவுகளைத் தாண்டி நுனிவரை இறங்குவதில்லை. அதனால் வேர் எண்ணெயாகவும் நுனி வறண்டும் இருக்கும். இவர்களுக்குக் கெட்டியான, எண்ணெய்ப்பசை உள்ள மாஸ்க் வாரம் ஒருமுறை நன்றாகவே உதவும். ஆனால் ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். அங்கே காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஓர் அம்மா, சேலத்தில் மகள் வீட்டில் போட்ட அதே மாஸ்க்கை மலையில் போட்டதும் முடி குடைபோல விரிந்துவிடுகிறது என்றார். பட்டியலைப் பார்த்தேன், தண்ணீருக்கு அடுத்த பெயரே கிளிசரின். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனிக் காலத்தில் காற்றே ஈரமாக இருக்கும். கிளிசரின் அந்த ஈரத்தை இழுத்து முடிக்குள் விட, முடி உப்பிக் கலைகிறது. மழை, பனி மாதங்களில் கிளிசரின் குறைவாக, எண்ணெயோ, முடிமேல் வழுவழுப்பான பூச்சாக நிற்கும் சிலிகானோ அதிகமாக உள்ளதாக மாற்றச் சொன்னேன். சிலிகான் என்றாலே பயப்படுகிறார்கள். அவசியமில்லை, ஷாம்புவில் பெரும்பாலும் போய்விடும்.

டை அடித்த, ஸ்ட்ரெய்ட்டனிங் செய்த முடிக்குத்தான் புரதம் சேர்ந்த மாஸ்க் வேலை செய்யும். 'ஹைட்ரோலைஸ்டு கெரட்டின்' என்று போட்டிருக்கும். உடைத்துச் சிறிதாக்கிய புரதம் என்று பொருள். வீட்டில் இப்படிச் சோதிக்கலாம்: ஈரமான ஒற்றை முடியை மெதுவாக இழுங்கள். கொஞ்சம் நீண்டு திரும்பினால் நல்லது. ரப்பர்போல நீண்டு, திரும்பாமல் தொய்ந்தால் புரதம் தேவை. நீளாமலே பட்டென்று அறுந்தால் ஈரப்பதம் தேவை, புரத மாஸ்க்கை நிறுத்துங்கள். அந்த அம்மாப்பேட்டைப் பெண் வாரம் மூன்று முறை கெரட்டின் போட்டிருக்கிறாள். நார் வந்த வழி அதுதான். மாதம் ஒருமுறை, தோளுக்குக் கீழே மட்டும் என்று குறைத்தோம்.

வீட்டு மாஸ்க்குகளை நான் ஒதுக்குவதில்லை. வெந்தயத்தையும் செம்பருத்தி இலையையும் அரைத்தால் வரும் வழவழப்பு உண்மையிலேயே சிக்கெடுக்கும். நன்றாக அலசத்தான் பொறுமை வேண்டும். தேங்காய் எண்ணெய் முடியின் உள்ளே இறங்கிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003-இல் வெளியான இந்திய ஆய்வு காட்டியது. கனிம எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அப்படிச் செய்யவில்லை. ஆகவே குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் நுனியில் தடவும் தேங்காய் எண்ணெயே பலருக்குப் போதுமான மாஸ்க். முட்டையின் புரதம் முடிக்குள் நுழைய முடியாத அளவு பெரியது. எலுமிச்சையும் சமையல் சோடாவும் தலைக்கு வேண்டவே வேண்டாம். தயிரில் எலுமிச்சை பிழிந்து பொடுகுக்குப் போட்டு, தலைத்தோல் வெந்து நீர் வடிய வந்த ஒரு பையனுக்கு இரண்டு வாரம் மருந்து கொடுக்க வேண்டியிருந்தது.

பொடுகு உள்ளவர்கள் மாஸ்க்கைத் தலைத்தோலில் படாமல் வையுங்கள். பொடுகோடு தொடர்புள்ள பூஞ்சை எண்ணெயைத் தின்று வளர்வது. அதற்கு கீட்டோகோனசோல் ஷாம்பு போன்ற மருந்துகள் இருக்கின்றன. வட்ட வட்டமாக முடி போவது, செதில் தடித்துச் சிவப்பது, இவற்றுக்கெல்லாம் நேரே மருத்துவரிடம் வாருங்கள்.

முடி கொட்டுவதற்காக மாஸ்க் வாங்குபவர்களே என்னிடம் அதிகம் வருகிறார்கள். மனதுக்குக் கஷ்டமாக இருப்பதும் அவர்களைப் பார்த்துத்தான். சென்ற வாரம் நான்கு மாதக் கைக்குழந்தையோடு ஒரு தாய் வந்தார். சீப்பில் வரும் முடியைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். இணையத்தில் பார்த்து இரண்டாயிரம் ரூபாய்க்கு மாஸ்க் வாங்கியிருக்கிறார், வீட்டுக்காரருக்குத் தெரியாதாம். பிரசவமோ கடும் காய்ச்சலோ ஆன இரண்டு மூன்று மாதத்தில் முடி கொத்தாகக் கொட்டும். வேர்க்கால்கள் ஓய்வுக்குப் போவதால் வருவது, பெரும்பாலும் தானே சரியாகிவிடும். இரும்புச்சத்தும் தைராய்டும் பார்க்க ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தேன். குனிந்து, நெற்றியோரம் புதிதாக முளைத்திருந்த குட்டி முடிகளைக் கண்ணாடியில் காட்டினேன்.

"அப்ப அந்த மாஸ்க்கு வீணாங்க டாக்டர்?"

"வீணாக்க வேண்டாம்மா. நுனிக்கு மட்டும் போட்டு முடிச்சிடு."