ஓவியம் ஒருவர் கையில், வசனம் பலர் கையில்

டேவிட் ரெவுவா என்னும் பிரெஞ்சு ஓவியர் 2014 முதல் 'பெப்பர் அண்ட் கேரட்' என்ற இணையச் சித்திரக்கதையை வரைந்து வருகிறார். அது பல பத்து மொழிகளில் கிடைப்பதற்குத் தன்னார்வலர்களே காரணம். அவர்களில் எவரும் மொழிபெயர்ப்பதற்காக ஓவியத்தைத் தொட வேண்டியதில்லை. கோப்புகள் அப்படிப் பிரித்து அமைக்கப்பட்டுள்ளன.

கிரிட்டா என்ற கட்டற்ற மென்பொருளில் வரையப்படும் படம் எழுத்தில்லாமல் தனியாக நிற்கிறது. பேச்சுக் குமிழிகளும் வசனங்களும், படத்தைக் கோடுகளும் வடிவங்களுமாக உரையில் விவரிக்கும் எஸ்விஜி கோப்பில் இருக்கின்றன. 2001இல் உலகளாவிய வலைச் சேர்த்தியம் தரப்படுத்திய இந்த வடிவத்தைச் சாதாரண உரைத் தொகுப்பானிலேயே திறந்து படிக்கலாம்: எந்த இடத்தில், எந்த எழுத்துருவில், எந்த நிறத்தில், என்ன வசனம் என்பதெல்லாம் வரிவரியாகத் தெரியும். மொழிபெயர்ப்பாளர் இத்தகைய கோப்புகளைத் திருத்த உதவும் இங்க்ஸ்கேப் மென்பொருளில் வசனத்தை மாற்றிக் குமிழியின் அளவைச் சரிசெய்தால் போதும். கோப்பு வெறும் உரை என்பதால், யார் எந்த வரியை மாற்றினார் என்பதைக் 'கிட்' போன்ற பதிப்பு மேலாண்மைக் கருவி துல்லியமாகக் காட்டிவிடும். இறுக்கப்பட்ட படக்கோப்பிலோ, அது மாறியிருக்கிறது என்பதற்கு மேல் அந்தக் கருவியால் பயனுள்ளதாக எதையும் சொல்ல முடியாது.

வண்ண ஓவியத்தையே பலர் சேர்ந்து தீட்டும்போது, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரைந்த அடுக்குகள் குலையாமல் கைமாற வேண்டும். கிரிட்டா, கிம்ப், மைபெயின்ட் ஆகிய மூன்று பட மென்பொருள்களுமே படிக்கும் ஓப்பன்ராஸ்டர் வடிவம் இதற்கென்றே உருவானது. அது வேறொன்றுமில்லை, ஒரு ஜிப் பொட்டலம்தான். கோப்பின் பெயரில் ஜிப் என்ற பின்னொட்டைச் சேர்த்துப் பிரித்தாலே உள்ளிருப்பது வெளியே வந்துவிடும். ஒவ்வோர் அடுக்கும் ஒரு பிஎன்ஜி படமாக இருக்கும். அவற்றின் வரிசை, ஒளிபுகாமை, கலக்கும் முறை ஆகியவற்றை எக்ஸ்எம்எல் என்னும் குறிமொழியில் எழுதிய ஓர் உரைக்கோப்பு மேலடுக்கிலிருந்து கீழடுக்கு வரை சொல்லிச் செல்லும். எல்லாம் சேர்ந்த முழுப் படமும் கூடவே இருப்பதால், அடுக்குகளைக் கையாளத் தெரியாத மென்பொருளுக்கும் காட்ட ஏதோ ஒன்று கிடைக்கிறது. எனினும், கீழுள்ள படத்தின் நிறம் முதலியவற்றை மாற்றிக் காட்டும் கிரிட்டாவின் வடிகட்டி அடுக்கு போன்ற சிறப்பு வசதிகளை இவ்வடிவம் அப்படியே தாங்காது. ஆகவே மூலத்தை கிரிட்டாவின் சொந்த வடிவத்தில் வைத்துக்கொண்டு, கைமாற்றும் பிரதியை மட்டும் ஓப்பன்ராஸ்டரில் தருவதே பாதுகாப்பு.

தமிழில் வசனம் எழுதுபவர் கவனிக்க வேண்டியது எழுத்துரு. பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் தட்டச்சு செய்த வசனம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். ஒருங்குறியில் (யூனிகோடில்) எழுதினால் எழுத்துரு மாறினாலும் வசனம் பிழைக்கும். எழுத்துகள் சிதையுமோ என்று அஞ்சி அவற்றை வெறும் கோட்டு வடிவங்களாக மாற்றிவிடுபவர்கள் உண்டு. பிறகு ஒரு துணைக்கால் விடுபட்டிருந்தால்கூட அடுத்தவரால் திருத்த முடியாது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற கட்டற்ற எழுத்துருவைத் தேர்ந்து, அதன் கோப்பையும் உரிமக் குறிப்பையும் படத்துடனேயே அனுப்புவது இதைவிட நல்ல வழி.