வெதூத்தா: நகர்க்காட்சி ஓவியம்

ஒரு நகரத்தையோ அதன் ஒரு மூலையையோ, ஊர்க்காரர் பார்த்தால் 'இது இன்ன இடம்' என்று உடனே சொல்லிவிடும் அளவுக்குத் துல்லியமாகத் தீட்டிய ஓவியத்தை இத்தாலியர் வெதூத்தா என்கிறார்கள். பன்மை வெதூத்தே, வரைகிறவர் வெதூத்திஸ்தா. ஆங்கில எழுத்தைப் பார்த்தால் வெடுட்டா என்று எழுதத்தான் கை போகும், ஆனால் இத்தாலியர் வாயில் அது தகர ஒலி.

'வெதேரே' என்றால் பார்த்தல், அதிலிருந்து வந்த வெதூத்தா 'பார்க்கப்பட்டது'. சொல் சுத்தமான இத்தாலியம்தான். ஆனால் ரோமில் இந்த வகையைத் தனித் தொழிலாகவே நிலைநிறுத்தியவர் ஒரு டச்சுக்காரர், கஸ்பார் வான் விட்டல். 1653 வாக்கில் நெதர்லாந்தின் ஆமர்ஸ்ஃபோர்ட்டில் பிறந்து, இருபதுகளின் தொடக்கத்தில் ரோமுக்கு வந்தார்.

அவருக்கு முன்னும் வடக்கிலிருந்து ஓவியர்கள் தெற்கே வந்துகொண்டுதான் இருந்தார்கள். பால் பிரில், யான் போத் என்று பெரிய வரிசையே உண்டு. அவர்களுடைய பல படங்களில் பொன் வெயில், ஆடு மாடு, இடிந்த தூண் எல்லாம் இருக்கும், அழகாகவும் இருக்கும், ஆனால் அந்த இடத்தைத் தேடிப் போனால் கிடைக்காது, ஏனென்றால் அது ஓவியர் சேர்த்து அமைத்த இடம். வான் விட்டல் வேறு வழியில் போனார். ரோமில் அவர் பார்த்த முதல் வேலைகளில் ஒன்று, கொர்னேலிஸ் மெயர் என்ற டச்சு நீரியல் பொறியாளருக்கு டைபர் ஆற்றை வரைந்து கொடுத்தது. பெருஜியாவிலிருந்து ரோம் வரை படகு போகும்படி ஆற்றைச் சீராக்கும் திட்டம் அது, அங்கே கரையையும் வளைவையும் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது இல்லையா? அந்தப் பொறியியல் பழக்கம்தான் அவருடைய ஓவியத்துக்குள்ளும் வந்தது என்பேன். நேரில் போய்ப் பெரிய தாளில் வரைந்துகொள்வார், அப்புறம் அந்தக் கோட்டோவியத்தையே வைத்துப் பல ஆண்டுகள் கழித்தும் புதுப் பிரதிகள் தீட்டுவார்.

ரோம்காரர்கள் அவர் பெயரை வான்விதெல்லி ஆக்கிவிட்டார்கள், மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால் 'கண்ணாடிக்கார கஸ்பாரே' என்றும் கூப்பிட்டார்கள். தென் இத்தாலியில் கசெர்த்தா அரண்மனையைக் கட்டிய லுயீஜி வான்விதெல்லி இவர் மகன். வெனிசைத் தீட்டி கஸ்பார் 1697 என்று தேதியிட்ட ஓவியம் ஒன்று மத்ரித்தின் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெதூத்தா என்றதும் எல்லோரும் சொல்லும் வெனிஸ் ஓவியர் கனலேத்தோ பிறந்ததே அந்த ஆண்டுதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'இயற்கைக்காட்சி' என்று போட்டால் தவறு, படத்தில் பாதி கட்டடம். 'நிலக்காட்சி'யை லேண்ட்ஸ்கேப்புக்கு விட்டுவிடலாம். நான் நகர்க்காட்சி ஓவியம் என்றே எழுதுவேன், வரைகிறவர் நகர்க்காட்சி ஓவியர். வெதேரேயிலிருந்து வெதூத்தா வந்த மாதிரியே காண் என்பதிலிருந்து காட்சி வந்திருக்கிறது, அதோடு அறிவு எப்படி வருகிறது என்று ஆராயும் நம் அளவை நூல்களில் காட்சி என்றால் நேரில் கண்டு அறிவது, ஊகித்து அறியும் கருதலிலிருந்து வேறானது. இந்த ஓவியத்துக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரே சிக்கல், வான் விட்டல் ரோமுக்கு அருகிலுள்ள திவோலி ஊரின் அருவியையும் வரைந்திருக்கிறார், அதை நகர்க்காட்சி என்றால் இடிக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஊர்ப் பெயரை முன்னால் போட்டு 'திவோலிக் காட்சி' என்றால் போதும், இத்தாலியத் தலைப்புகளும் 'இன்ன ஊரின் வெதூத்தா' என்றுதான் இருக்கும். உண்மையான கட்டடங்களை இடம் மாற்றி, இல்லாத இடிபாடுகளைச் சேர்த்து வரைவதற்குக் கப்ரிச்சோ என்று தனிப் பெயர் உண்டு. கனலேத்தோ அதையும் நிறைய வரைந்தார். அதற்குப் புனைகாட்சி என்று வைத்துக்கொள்ளலாம்.