அணு நடுநிலையானது என்பதை அளந்தது யார்?

கொழும்பில் தமிழ் மொழிமூலம் உயர்தரப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். அணு ஏன் நடுநிலையானது என்று கேட்டால் வெள்ளவத்தையிலும் சரி, கொட்டாஞ்சேனையிலும் சரி, ஒரே விடைதான்: புரோத்தன்களும் இலத்திரன்களும் எண்ணிக்கையில் சமம். புள்ளி கிடைத்துவிடும். ஆனால் ஒரு புரோத்தனின் ஏற்றமும் ஒரு இலத்திரனின் ஏற்றமும் பருமனில் அச்சொட்டாகச் சமம் என்பதை யார் சொன்னது? புரோத்தன் குவார்க்குகள் என்ற இன்னும் சிறிய துணிக்கைகளால் ஆனது, இலத்திரன் அப்படியில்லை. இரண்டும் பொருந்தியே ஆகவேண்டும் என்பதற்கு எங்கள் பாடத்திட்டத்தில் காரணம் எதுவும் இல்லை. அளந்துதான் பார்க்க வேண்டும்.

அளப்பதிலும் ஒரு சிக்கல். பொன்னிலை மின்காட்டியின் இலை விரியாவிட்டால் ஏற்றம் பூச்சியம் என்று எழுதிவிடுகிறார்கள். இலையை விரிக்கும் அளவுக்கு ஏற்றம் இல்லை என்பது மட்டுமே அங்கே தெரிந்தது.

1959இல் லிட்டில்டன், பொண்டி என்ற இரு விஞ்ஞானிகள், புரோத்தன், இலத்திரன் ஏற்றங்களின் பருமனில் இலத்திரன் ஏற்றத்தின் 2×10⁻¹⁸ பங்கு வேறுபாடு இருந்தாலே, அணுக்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் பிரபஞ்சம் விரிவதை விளக்கிவிடலாம் என்றார்கள். துணிச்சலான யோசனைதான், கலத்திலிருந்து வாயுவை வெளியேற்றி, கலத்தின் ஏற்றம் மாறுகிறதா என்று பார்த்த சோதனை அதே ஆண்டில் அதை மறுத்துவிட்டது. அப்புறம் வந்த சோதனைகள், வேறுபாடு இருந்தாலும் இதற்கு மேல் இருக்க முடியாது என்ற எல்லையை 10⁻²¹ அளவுக்குக் கொண்டுவந்தன.

திமோபௌலோஸ், கசேவிச் உள்ளிட்ட பௌதிகவியலாளர் குழு 2008இல் வெளியிட்ட திட்டம் 10⁻²⁸ வரை போகப் பார்க்கிறது. குளிரூட்டிய அணுவின் அலையை லேசரால் இரண்டு பாதையாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பாதையும் ஒரு கடத்திக் குழாய்க்குள் போன பிறகே குழாய்களுக்கு வெவ்வேறு மின்னழுத்தம் கொடுக்கப்படும். குழாய்க்குள் மின்புலம் இல்லை, ஆகவே அணுமீது விசையும் இல்லை. ஆனாலும் அணுவில் துளி ஏற்றம் மிஞ்சியிருந்தால் இரு அலைகளின் அவத்தை qVt/ħ அளவு விலகும் (q அணுவின் ஏற்றம், V குழாய்களுக்கிடையிலான மின்னழுத்த வேறுபாடு, t அது இருக்கும் நேரம், ħ என்பது பிளாங்கின் மாறிலியை 2πஆல் வகுத்தது); மீண்டும் சேர்க்கும்போது தலையீட்டுக் கோலத்தில் அது தெரியும். q இலத்திரன் ஏற்றத்தின் 10⁻²¹ பங்கு, V 1000 வோல்ற்று, t 1 செக்கன் என்று போட்டுப் பாருங்கள்: சுமார் 0.0015 ஆரையன் வரும்.

எனக்கு இதில் பிடித்தது விசையே இல்லாமல் அளப்பதுதான். விசையை அளக்கப் போனால், சீரற்ற மின்புலம் நடுநிலை அணுவையும் முனைவாக்கி இழுத்து, ஏற்றம் இருப்பதுபோல் ஏமாற்றும். குழாய் ஓரங்களில் கசியும் புலத்தாலும் இந்தத் தொல்லை கொஞ்சம் வரலாம். அதற்கு மின்னழுத்தத்தின் குறியை மாற்றிப் பார்க்கலாம்: ஏற்றத்தால் வரும் அவத்தை குறி மாறும், அந்தப் புலத்தால் மட்டும் வருவது V²ஐப் பொறுத்தது என்பதால் மாறாது.

பரீட்சையில் பழைய விடையையே எழுதுங்கள். கூடவே, ‘அவற்றின் ஏற்றங்கள் பருமனில் சமம்’ என்பதையும் சேர்த்துவிடுங்கள்.