டெல்லியில் தியேட்டர் கட்டப் போகிறீர்களா? முதலில் வெளியே போகும் வழி

கரோல் பாக், மயூர் விஹார் பக்கம் நம்ம ஆட்கள் யாராவது சின்னதாக ஒரு ஸ்கிரீன் போடலாமா என்று கேட்டால், பேச்சு உடனே புரொஜெக்டருக்கும் ஸ்பீக்கருக்கும் போய்விடுகிறது. அதெல்லாம் காசு வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம். கட்டி முடித்தபின் லேசில் மாற்ற முடியாதது ஜனங்கள் வெளியேறும் வழிதான்.

முதலில் சட்டம். ஊரில் தியேட்டர் நடத்தியவர்கள் சி ஃபார்ம் (தியேட்டர் லைசன்ஸ்), கலெக்டர் ஆபீஸ் என்றே யோசிப்பார்கள். அது தமிழ்நாட்டின் 1955-ஆம் ஆண்டுச் சட்டம். டெல்லி யூனியன் பிரதேசம் என்பதால் இங்கே மத்திய அரசின் 1952 சினிமாட்டோகிராஃப் சட்டத்தின் மூன்றாம் பகுதி பொருந்தும். லைசன்ஸ் இல்லாத இடத்தில் படம் காட்டக் கூடாது என்கிறது 10-ஆம் பிரிவு. பார்க்க வருபவர்களின் பாதுகாப்புக்குப் போதிய ஏற்பாடு இருந்தால்தான் லைசன்ஸ் கொடுக்கலாம் என்கிறது 12-ஆம் பிரிவு.

ஏன் இவ்வளவு கறார் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில், கிரீன் பார்க்கில் இருந்த உபஹார் தியேட்டர். 1997 ஜூன் 13 அன்று தரைத்தளக் கார் பார்க்கிங்கை ஒட்டியிருந்த டிரான்ஸ்ஃபார்மரில் தீப்பிடித்து, புகை படிக்கட்டு வழியாக மேலே ஏறியது. பால்கனியின் வலது பக்க வழியை எட்டு சீட் கொண்ட ஒரு தனி பாக்ஸ் அடைத்திருந்தது, நடைவழியைக் கூடுதல் சீட்டுகள் தின்றிருந்தன, அவசர விளக்கு எரியவில்லை, மைக்கில் யாரும் எதுவும் சொல்லவில்லை. 59 பேர் இறந்துபோனார்கள். இதில் நெஞ்சை அறுக்கும் விஷயம் என்னவென்றால், கூடுதல் சீட்டுக்கு 1976-இல் அரசே அனுமதி கொடுத்து, 1979-இல் ரத்து செய்த பிறகும் அதில் பெரும்பகுதியை அப்படியே இருக்க விட்டது. லைசன்ஸ் கையில் இருப்பதாலேயே உரிமையாளரின் கடமை தீர்ந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. அதனால் "பேப்பர் சரியாக இருக்கு" என்பதோடு நிற்காதீர்கள்.

பிளான் போடும்போது ஆர்க்கிடெக்டிடம் சீட் கணக்கைக் கடைசியில் கேளுங்கள். மக்கள் கூடும் கட்டிடங்களில் வெளியேறும் கதவு 2 மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது 2016 தேசியக் கட்டிட விதித்தொகுப்பு. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். தாழ்ப்பாள் வேண்டாம், இருட்டில் உடம்பால் தள்ளினாலே திறக்கிற கம்பி போடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டர் இரண்டும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் வரவே கூடாது. அவசர விளக்கும் மைக்கும் தனி பேட்டரியில் ஓடட்டும். தீ அலாரம் அடித்ததும் ஏசி தானாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே புகையை ஹாலுக்குள் கொண்டுவந்துவிடும்.

புரொஜெக்டருக்கு ஒரு வரி போதும்: அளவு பெரிய திரையைவிட, 14 ஃபுட் லாம்பர்ட் (திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் கிடைக்கிற திரை நல்லது.

அப்புறம், காது கேளாதவர்களும் பார்வை இல்லாதவர்களும் படம் பார்ப்பதற்கான வழிகாட்டு நெறிகளை மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் வெளியிட்டிருக்கிறது. வசன எழுத்து காட்டும் கருவிக்கும் ஹெட்ஃபோனுக்கும் வயரிங் செய்யும்போதே இடம் விடுங்கள். சாய்தளம் 1:12-க்கு (12 அடி நீளத்துக்கு 1 அடி உயரம்) மேல் செங்குத்தாக இருந்தால் வீல்சேரைத் தள்ளுவது கஷ்டம். வீல்சேர் இடத்தை முதல் வரிசைக்குத் தள்ளிவிடாமல், நடு வரிசை மட்டத்திலேயே ஒரு கதவு வையுங்கள், அவர்களும் கழுத்து வலிக்காமல் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம்.